வளையாத படிகம், வெளுக்கும் படிகம்: ஹாலஜன் பிணைப்பு இணைப்படிகங்களில் கோளாறு பார்க்கும் முறை

அசோ சாயமும் (நடுவில் நைட்ரஜன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு உள்ளது) அயோடின் ஏறிய ஃப்ளூரோபென்சீனும் ஒரே படிகத்தில் சேர்ந்த இணைப்படிகங்களை வளர்த்து, ஒளியில் வளைத்துப் பார்ப்பவர்களுக்கான குறிப்பு இது. கோட்பாடு பாடப்புத்தகத்தில் இருக்கிறது; இங்கே அதில் இரண்டு வரி போதும்: சாயத்தின் நைட்ரஜன் அயோடினை ஈர்த்துப் பிடிப்பதுதான் ஹாலஜன் பிணைப்பு, ஒளி பட்டு நீண்ட ட்ரான்ஸ் வடிவம் மடங்கிய சிஸ் வடிவமாக மாறுவதால் படிகம் வளைகிறது. இங்கே கோளாறு மட்டும். இரண்டு ஜோடிகளை மனதில் வைத்து எழுதியது: ட்ரான்ஸ்-அசோபென்சீன் அல்லது 4,4'-அசோபிரிடீன் ஒரு பக்கம், 1,4-டைஅயோடோடெட்ராஃப்ளூரோபென்சீன் மறுபக்கம். பின்னதன் பெயர் நீளம் என்பதால் இனி அது 'அயோடின் துணை'.

கைமுறை அளவு, எல்லா அறிகுறிக்கும் பொது: 0.1 மில்லிமோல் வீதம் 1:1. அதாவது அசோபிரிடீன் 18.4 மி.கி. (அசோபென்சீன் என்றால் 18.2 மி.கி.), அயோடின் துணை 40.2 மி.கி., குளோரோஃபார்ம் 4 மி.லி. அசோபென்சீன் புற்றுநோய் சந்தேகப் பட்டியலில் உள்ள பொருள். கையுறை வேண்டும், குளோரோஃபார்ம் வேலை ஃப்யூம் ஹுட்டுக்குள்ளேயே (ஆவி உறிஞ்சும் கூண்டு) நடக்க வேண்டும்.

வாளையாறு தாண்டி கஞ்சிக்கோடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை வரை உள்ள ஆய்வகங்களுக்கு ஒரு கூடுதல் எதிரி உண்டு: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து வறண்டு அடிக்கும். ஜூனில் காலவர்ஷம் வந்ததும் அதே அறை ஈரத்தில் ஊறும். ஒரே செய்முறை இரண்டு பருவத்தில் இரண்டு விதமாக நடந்தால், செய்முறையைத் திருத்துவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள்.

அறிகுறி: குப்பிக்குள் வெள்ளை ஊசி ஒரு பக்கம், ஆரஞ்சுக் கட்டி ஒரு பக்கம்

சேர வேண்டியவை சேரவில்லை. மலிவான காரணத்திலிருந்து தொடங்கலாம்.

கரைப்பான். அசிட்டோன், டி.எச்.எஃப்., டி.எம்.எஃப்., டி.எம்.எஸ்.ஓ. ஆகிய நான்கும் அயோடினைத் தாங்களே பிடித்துக்கொள்ளும். டி.எம்.எஸ்.ஓ.வில் நன்றாகக் கரைகிறது என்று சந்தோஷப்பட்டால், நன்றாகக் கரைவதுதான் அங்கே சிக்கல். குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன், அல்லது எத்தில் அசிடேட்டில் ஹெக்சேன் கலந்து முயலுங்கள்.

பழைய குளோரோஃபார்ம். வெளிச்சத்தில் நின்ற புட்டியில் அமிலம் சேர்ந்திருக்கும். அது பிரிடீன் நைட்ரஜனில் புரோட்டானை ஏற்றிவிடும். அதன் பிறகு அயோடினுக்கு அங்கே இடமில்லை, படிவதும் ஹைட்ரோகுளோரைடு உப்பாக இருக்கலாம். அதே அமிலம் சிஸ் அசோவை ட்ரான்ஸாக வேகமாகத் திருப்பவும் செய்யும் என்பதால், பின்னால் வரும் ஒளிச் சோதனையும் கெடும். சோதனை எளிது: சிறிது குளோரோஃபார்மைச் சம அளவு நீரில் குலுக்கி, நீர் அடுக்கில் லிட்மஸ் தாள் வையுங்கள். சிவந்தால் காரத்தன்மையுள்ள அலுமினா வழியாக வடித்துவிட்டு உடனே பயன்படுத்துங்கள். வடித்ததை எடுத்து வைக்க வேண்டாம்.

ஆவியாகும் வேகம். மூடியில் நான்கு ஊசித் துளை போட்டது ஜூலையில் சரி. ஜனவரியில் அது திறந்த குப்பிக்குச் சமம். வறண்ட மாதங்களில் ஒரே துளை போட்டு, குப்பியை ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் வையுங்கள். காற்றும் படாது, பகல்–இரவு வெப்ப ஏற்ற இறக்கமும் தணியும், வெளிச்சமும் விழாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பிரிந்தே படிந்தால், கரைசலை விட்டுவிட்டு உரலுக்கு வாருங்கள். இரண்டு பொருளும் சேர்ந்து 100 மி.கி. எடுத்து, அகேட் உரலில் 25 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்ம் விட்டு 20 முதல் 30 நிமிடம் அரைக்க வேண்டும். துளி காய்ந்ததும் அதே அளவு மறுபடி. இந்தப் பொடியின் எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ் கதிரால் படிக அடுக்கைக் காட்டும் படம்) மூலப்பொருள் இரண்டின் சிகரங்களும் மறைந்து புதியவை வந்தால், இணைப்படிகம் உண்டு, குப்பியில் தொடங்கத்தான் தயங்குகிறது என்று அர்த்தம். அந்தப் பொடியில் ஒரு சிட்டிகையை விதையாகப் போடுங்கள். அரைத்தும் பழைய சிகரங்களே நின்றால் ஜோடியை மாற்ற வேண்டியதுதான். அசோபென்சீனின் அசோ நைட்ரஜன் பலவீனமான ஏற்பி (அயோடினைப் பிடிக்கும் பக்கம்); அசோபிரிடீனின் பிரிடீன் நைட்ரஜன் பலமானது. அயோடினுக்குப் பதில் மலிவென்று புரோமின் சேர்மம் வாங்கியிருந்தால், கோளாறு அந்த ரசீதிலேயே இருக்கிறது: பிணைப்பின் வலு அயோடின், புரோமின், குளோரின் என்ற வரிசையில் இறங்கும்.

அறிகுறி: படிகம் வந்தது, ஆனால் தடித்த கட்டி அல்லது சிக்குப் பிடித்த முடி

கட்டி என்றால் வளர்ச்சி மெதுவாக நெடுநாள் நடந்திருக்கிறது. சிக்கு என்றால் வேகம் அதிகம். வளைப்பதற்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய பட்டை. ஆவிப் பரவல் முறைக்கு மாறுவது நல்லது: சிறு குப்பியில் 2 மி.லி. குளோரோஃபார்ம் கரைசல், அதை வைக்கும் பெரிய புட்டியில் 8 மி.லி. ஹெக்சேன், பெரிய புட்டிக்கு மட்டும் இறுக்கமான மூடி. தினமும் பாருங்கள். பட்டை போதிய நீளம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னும் பெரிதாகட்டும் என்று விட்டால் தடிமன்தான் கூடும்.

அறிகுறி: ஒளி அடித்தும் அசையவே இல்லை

அதிகம் வரும் புகார் இது. அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுவே. வேதியியலைச் சந்தேகிக்கும் முன் கீழே உள்ள வரிசையைக் கடைப்பிடியுங்கள்.

*ஒட்டிக்கொண்டிருக்கிறதா?* ஸ்லைடில் படுத்திருக்கும் மெல்லிய பட்டை கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். காய்ந்த கரைப்பான் எச்சம் பசை போலப் பிடித்திருக்கும். பல்குச்சி நுனியில் ஒரு கண்ணிமை முடியை ஒட்டி, அதால் படிகத்தின் ஒரு முனையை மட்டும் தூக்கிப் பாருங்கள். சுதந்திரமாகத் தூக்க முடியாத படிகத்துக்கு ஒளி அடித்துப் பயனில்லை. சரியான ஏற்பாடு, ஒரு முனையைக் கண்ணாடி இழையின் நுனியில் வேக்குவம் கிரீஸ் புள்ளியால் பிடித்து மறுமுனையைக் காற்றில் விடுவது. உடனடிப் பசை வேண்டாம், அதன் ஆவி படிகத்தின் மேல் வெள்ளையாகப் படியும்.

*விளக்கு சொன்ன விளக்குதானா?* கடையில் 365 நானோமீட்டர் என்று விற்கும் டார்ச்சுகளில் பல 395. வெள்ளைச் சுவரில் அடியுங்கள்: பளிச்சென்று ஊதாவாகத் தெரிந்தால் 395 பக்கம், வடிகட்டி உள்ள 365 மங்கலாகத்தான் தெரியும், ஆனால் சோப்புத்தூளில் துவைத்த வெள்ளைத் துணியை நீலமாக ஒளிர வைக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் துறையில் உள்ள ஃபைபர் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒரு முறை காட்டினால் போதும்.

*நடுவில் என்ன இருக்கிறது?* சாதாரணக் கண்ணாடி 365ஐப் பெரும்பாலும் விட்டுவிடும், 320க்குக் கீழே தடுத்துவிடும். பாலிகார்பனேட் மூடியோ கவசமோ இருந்தால் 365 உள்ளே வராது. இதே சோதனையில் உங்கள் பாதுகாப்புக் கண்ணாடியையும் பார்த்துவிடலாம்: டார்ச்சுக்கும் வெள்ளைத் தாளுக்கும் நடுவில் பிடியுங்கள், தாள் ஒளிர்ந்தால் அந்தக் கண்ணாடி கண்ணைக் காக்காது, மாற்றுங்கள்.

*வெளிச்சம் குறைந்துவிட்டதா?* பேட்டரி டார்ச் சூடேறச் சூடேற மங்கும். முதல் நிமிடத்தில் வளைந்த படிகம் ஐந்தாவது நிமிடத்தில் சோம்பினால் முதலில் டார்ச்சைத் தொட்டுப் பாருங்கள். தூரத்தை 10 செ.மீ.யிலிருந்து 5 ஆக்கினால் செறிவு ஏறத்தாழ நான்கு மடங்கு; லென்ஸ் உள்ள டார்ச்சில் கணக்கு சற்று மாறும்.

*தடிமன்.* இதற்கு வரும்போது பாதிக் கேஸ் முடிந்துவிடும். 365இல் அசோ படிகம் ஒளியை அத்தனை பலமாக விழுங்குகிறது. மேல்தோல் மட்டுமே மாறும், அடியில் உள்ள பகுதி அசையாமல் அதைப் பிடித்து இழுக்கும். நுண்ணோக்கியில் படிகத்தை விளிம்பு மேலே வரும்படி நிறுத்தித் தடிமனை அளவிடுங்கள். 10 மைக்ரோமீட்டருக்குள் இருந்தால் நம்பிக்கை உண்டு. 50ஐத் தாண்டினால் வேறு படிகம் தேடுங்கள். கூர்மையான கத்தியால் சீவி மெலிதாக்கப் பார்ப்பது வீண் வேலை, விரிசல்தான் விழும்.

*அலைநீளத்தை நகர்த்துங்கள்.* மெல்லிய படிகம் கிடைக்கவில்லை என்றால் ஒளியை ஆழம் போக வைக்கலாம். 365, 405, 450 என்ற வரிசையில் முயலுங்கள். 450 நீலம் குறைவாக உறிஞ்சப்படுவதால் உள்ளே வரை போகும். ஆனால் உருவான சிஸ்ஸை அதே ஒளி திருப்பியும் அனுப்பும், ஆகவே வளைவு சிறியதாக இருக்கும். பல அசோ படிகங்களைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வளைக்கலாம் என்பதை மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2013இலேயே காட்டியிருக்கிறது. யு.வி.யைத்தான் (புற ஊதா ஒளி) பிடித்துத் தொங்க வேண்டும் என்றில்லை.

*கடைசிக் காரணம், விலை அதிகமான காரணம்:* படிகத்துக்குள் இடமே இல்லை. அசோ குழு திரும்ப வேண்டுமானால் சுற்றிலும் கொஞ்சம் தளர்வு வேண்டும். இரண்டு முனையும் அயோடினால் கட்டப்பட்டு, பக்கத்தில் ஃப்ளூரோ வளையம் நெருக்கி அடுக்கியிருந்தால் எந்த விளக்குக்கும் அசையாது. ஒற்றைப்படிக அமைப்பைப் பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது. அசோவுக்குப் பதில் இரட்டைப் பிணைப்பு உள்ள 1,2-பிஸ்(4-பிரிடைல்)எத்திலீன் வைத்து வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான்: அடுத்தடுத்த இரட்டைப் பிணைப்புகள் இணையாகவும் 4.2 ஆங்ஸ்ட்ராமுக்குள்ளும் இல்லாவிட்டால், எத்தனை மணி நேரம் ஒளி காட்டினாலும் இரண்டும் சேர்ந்து வளையமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கிளை: வளைகிறது, ஆனால் சூட்டினாலா ஒளியினாலா?

பலர் சிவப்பு விளக்கில் அடித்துப் பார்த்து, அசையவில்லை, ஆகவே சூடு காரணமில்லை என்று எழுதிவிடுகிறார்கள். ஆரஞ்சுப் படிகம் சிவப்பை உறிஞ்சுவதே இல்லை. அப்புறம் எப்படிச் சூடாகும்? சிவப்பு விளக்குச் சோதனை காற்றசைவையும் கிரீஸ் இளகுவதையும் மட்டுமே விலக்கும். சூட்டை விலக்க, சூடேற்றும் மேடையில் ஒளியில்லாமல் 10 டிகிரி ஏற்றிப் பாருங்கள். அதே அளவு வளைந்தால் காரணம் சூடு. இன்னொரு அடையாளம், விளக்கை அணைத்த கணமே நிமிர்ந்துவிட்டால் சூட்டின் மேல் சந்தேகம் வையுங்கள். இவ்வளவு மெல்லிய பொருள் நொடிக்குள் ஆறிவிடும். வளையும் திசையை நம்ப வேண்டாம், இரண்டு காரணத்திலும் படிகம் விளக்கை விட்டு விலகியே வளையக்கூடும்.

அறிகுறி: வளைந்தது, திரும்பவில்லை

முதலில் இது கோளாறுதானா என்று கேளுங்கள். ஆர்த்தோ இடங்களில் (வளையத்தில் அசோ குழுவுக்கு அடுத்த இடங்கள்) ஃப்ளூரின் உள்ள அசோபென்சீன்களில் சிஸ் வடிவம் கரைசலில் அறை வெப்பத்தில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். இருட்டில் வைத்துக் காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். பச்சையில் போனதை 405–410 நீலத்தில் திருப்புங்கள். சிஸ் படிகமாகவே வளர்த்து ட்ரான்ஸாக மாற்றும் வகையில் மாற்றம் ஒருவழிப் பாதை. நிரந்தர வளைவுதான் அங்கே விளைவு.

சாதாரண அசோபென்சீன் என்றால் இருட்டில் சில நாள் விடுங்கள், அல்லது நீல எல்.இ.டி.யில் சில நிமிடம் காட்டுங்கள். அதற்கும் நிமிரவில்லை என்றால் நுண்ணோக்கியில் குறுக்கு போலரைசருக்கு நடுவில் பாருங்கள். வளைவுப் பகுதியில் மட்டும் நிறமோ இருட்டோ திட்டுத் திட்டாக இருந்தால் அங்கே அடுக்கு குலைந்திருக்கிறது. அந்தப் படிகம் முடிந்தது. அடுத்ததற்கு ஒளியைப் பாதியாகக் குறைத்து, 2 நொடி அடி, 10 நொடி நிறுத்து என்று போங்கள்.

அறிகுறி: வெடிக்கிறது, துள்ளி மறைகிறது

ஒளி பட்டு வெடித்தால் செறிவு அதிகம் அல்லது தடிமன் அதிகம். மேலே சொன்ன இடைவிட்ட அடிதான் மருந்து. ஒளி படாமலே, கரைசலிலிருந்து எடுத்த சில நிமிடத்தில் விரிசல் விழுந்தால் உள்ளே கரைப்பான் சிக்கியிருக்கிறது. ஒரு துளி சிலிக்கான் எண்ணெயில் போட்டு மெல்லச் சூடேற்றுங்கள். உருகும் முன்பே குமிழி கிளம்பினால் அது அதற்கு அடையாளம். ஆனால் இந்தச் சோதனையில் அயோடின் துணையின் ஆவியும் குமிழியாக வரலாம், எனவே குளோரோஃபார்முக்குப் பதில் எத்தில் அசிடேட்டில் வளர்த்த இன்னொன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெட்ரி டிஷ் மூடியைத் திறந்து வைத்து வெடிப்பைப் படம் பிடிக்கும் வழக்கம் இருந்தால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் குனியாதீர்கள்.

அறிகுறி: நாளாக ஆக மேற்பரப்பு வெளுத்து மங்குகிறது

அயோடின் துணை சுமார் 108 டிகிரி செல்சியஸில் உருகும் பொருள் என்றாலும், அறை வெப்பத்திலேயே பீரோவில் போட்ட பாச்சை உருண்டை போலக் கரைந்து போகும். அசோபென்சீனோடு உள்ள பிடி பலவீனம் என்பதால் அந்த ஜோடியில் இழப்பு வேகம். அசோபிரிடீன் ஜோடி நன்றாகத் தாங்கும். பாலக்காட்டு மார்ச், ஏப்ரலில் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது மாடி ஆய்வகத்தின் அலமாரி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எடை போடுங்கள். புதிதாகச் செய்த 50 மி.கி. பொடியைத் திறந்த கண்ணாடியில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். எடை சீராக இறங்கிக்கொண்டே வந்தால் துணை பறக்கிறது. இரண்டு நாளில் இறங்கி நின்றுவிட்டால் அது கரைப்பான் எச்சம்.

பறந்தால் செய்ய வேண்டியது: சிறிய குப்பி, விளிம்பு வரை நிரப்பியது, மூடிக்கு மேல் பாராஃபிலிம், ஃப்ரிட்ஜில். எடுக்கும்போது அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பனித்துளி படிந்து இன்னொரு கோளாறு சேரும். நீண்ட ஒளிச் சோதனை என்றால் படிகத்தை மூடிய அறைக்குள் வைத்து, ஓரத்தில் அயோடின் துணையின் சில துகள்களைத் தூவி வையுங்கள். அறைக்குள் அதன் ஆவி நிறைந்திருந்தால் படிகத்திலிருந்து கிளம்பாது. மெதுவாக வளர்க்கும் கரைசலிலும் 1:1.1 என்று துணையைச் சற்றுக் கூட்டுவதற்குக் காரணம் இதே.

உருகுநிலை பார்க்கும்போது திறந்த கேபிலரியில் பார்த்து ஏமாற வேண்டாம். சூடேறும்போதே துணை பறந்து, மிஞ்சியது உருகும். மேல்முனையை உருக்கி அடைத்துவிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: வெள்ளைப் பொருள் இளஞ்சிவப்பு, கரைசல் பழுப்பு

கார்பன்–அயோடின் பிணைப்பு யு.வி.யில் அறுந்து அயோடின் வெளியே வந்திருக்கிறது. சாயத்தின் நிறம் மறைக்கும் என்பதால் கலவையில் தேடாமல் மூலப் புட்டியில் தேடுங்கள். அயோடின் துணை தூய வெள்ளை. சிறிது எடுத்து ஹெக்சேனில் கரைத்தால் நிறமின்றி இருக்க வேண்டும். ஊதா தட்டினால் அயோடின். டைகுளோரோமீத்தேனில் கரைத்து, 5 சதவீத சோடியம் தயோசல்ஃபேட் நீரில் நிறம் போகும்வரை கழுவி, நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, மறுபடி படிகமாக்குங்கள். பிறகு பழுப்புப் புட்டி, ஃபாயில் சுற்று. ஜன்னலோர அலமாரியில் மட்டும் வேண்டாம். ஒளிச் சோதனையின் நடுவில் நிறம் மாறினால் 365ஐக் கைவிட்டு 450க்குப் போங்கள்.

அறிகுறி: எக்ஸ்.ஆர்.டி. பிரசுரமான படத்தோடு ஒத்துவரவில்லை

சிகரங்கள் அதே இடத்தில், உயரம் மட்டும் வேறு என்றால், தட்டையான படிகங்கள் ஒரே பக்கம் படுத்திருக்கின்றன. மெதுவாக அரைத்து, அழுத்தாமல் நிரப்பி மறுபடி ஓட்டுங்கள். எல்லாச் சிகரமும் ஒரே பக்கம் சற்றுத் தள்ளியிருந்தால் மாதிரியின் உயரம் தவறு, அல்லது ஒப்பிடும் படம் குறைந்த வெப்பத்தில் எடுத்த அமைப்பிலிருந்து கணக்கிட்டது. பழைய மூலப்பொருளின் சிகரம் கலந்திருந்தால் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். எதிலும் சேராத புதிய சிகரம் நின்றால் வேறு விகிதமோ வேறு அடுக்கு வடிவமோ இருக்கலாம்.

விகிதம் தெரிந்துகொள்ள புரோட்டான் என்.எம்.ஆர். (ஹைட்ரஜன் அணுக்கருவைக் காந்தப்புலத்தில் பார்க்கும் சோதனை) எடுப்பது அடிக்கடி நடக்கும் வீண் செலவு. அயோடின் துணையில் ஹைட்ரஜனே கிடையாது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் படம் ஒன்றுதான். ஃப்ளூரின் என்.எம்.ஆரில் நான்கு ஃப்ளூரினும் ஒரே சிக்னலாகத் தெரியும். எடை தெரிந்த ஒரு ஒப்பீட்டுப் பொருள் போட்டால் அளவு வரும். கையிலிருக்கும் ஐ.ஆர்.கூட (அகச்சிவப்பு நிறமாலை) உதவும்: துணையின் 1460, 940 சென்டிமீட்டர்-தலைகீழை ஒட்டியுள்ள பட்டைகள் பிணைப்பு உருவானதும் சில எண்கள் கீழே நகரும். தனித் துணையை அதே நாளில், அதே கருவியில் எடுத்து ஒப்பிட வேண்டும்.

எப்போது வெளியே கொடுப்பது

உரலில் புதிய சிகரம் வந்து, ஒரே செய்முறை இரண்டு முறை அதையே தந்து, அது எந்த அறிந்த அமைப்போடும் பொருந்தாதபோது ஒற்றைப்படிக எக்ஸ்.ஆர்.டி.க்குக் கொடுங்கள். அதற்கு முன் கொடுத்தால் மூலப்பொருளின் அமைப்பையே காசு கொடுத்துத் திரும்ப வாங்குவீர்கள். கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்து எஸ்.டி.ஐ.சி., சென்னை ஐ.ஐ.டி.யின் எஸ்.ஏ.ஐ.எஃப். ஆகிய கருவி மையங்கள் இரண்டும் வெளியாருக்கு இந்தச் சேவை தருகின்றன. படிவத்தில் அயோடின் உள்ளது, ஒளியில் மாறும், அறை வெப்பத்தில் ஆவியாகும் என்ற மூன்றையும் எழுதுங்கள். குளிர்ந்த நைட்ரஜன் ஓட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். வந்த விடையில் முதலில் பார்க்க வேண்டியது நைட்ரஜன்–அயோடின் தூரம். பிரிடீன் நைட்ரஜனோடு அது 2.8 ஆங்ஸ்ட்ராமை ஒட்டியும், கார்பன்–அயோடின்–நைட்ரஜன் கோணம் 180ஐ ஒட்டியும் இருந்தால் பிணைப்பு உறுதி. 3.5ஐத் தாண்டினால் அது வெறும் பக்கத்து வீடு.

படிகத்தைக் காயவைத்து அனுப்ப வேண்டாம். வளர்ந்த கரைசலோடே சிறு குப்பியில், ஃபாயில் சுற்றி, நிமிர்ந்து நிற்கும்படி. கோடையில் பகல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினால், நிறுத்திய வண்டிக்குள் ஏறும் சூட்டில் கரைசல் படிகத்தைத் தின்றுவிடும்; இரவு ரயில் நல்லது.

லேசர் வாங்கி வளைத்துப் பார்க்க நினைத்தால், செறிவு அளவிடும் கருவியும் லேசர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரும் உள்ள ஆய்வகத்தில் மட்டும் செய்யுங்கள். எல்.இ.டி. டிரைவர் சூடாகி வாசம் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.